தொட்டிக்கு முன்னால் ஒரு சீட்

என் வீட்டுக்காரர் என் சீட்டைக் கழற்றிவிட்டார். மற்ற பெண்களின் புருஷன்மார் குடிப்பார்கள், அடிப்பார்கள், இன்னொருத்தியைத் தேடிப் போவார்கள். என்னுடையவர் தங்கமானவர் என்று ஊரே சொல்லும். அவர் எனக்குச் செய்த ஒரே அநியாயம், எங்கள் வேலை வேனில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டை நான்கு போல்ட்டோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் சுற்றும் உருளையைக் கொண்டுவந்து வைத்ததுதான். இதையெல்லாம் ஒரு குறையாக யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னேன், என் தங்கச்சி சந்திரிகாவிடம். "வீட்டுல நிம்மதியா இருக்கலாமேக்கா" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

என் பெயர் ஜெகதீஸ்வரி. அவர் ராமதாஸ். டத்தோ கிராமாட்டில் பழைய பிளாட்டில் மூன்றாம் மாடி வீடு. பதினான்கு வருஷமாக எங்களுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவும் தொழில். பாசி பிடித்த சுவர், எண்ணெய் வழிந்த கோப்பிக் கடைத் தரை, கோயில் பிராகாரம், எதுவானாலும் மெஷினைப் போட்டு அடித்து வெள்ளையாக்கிக் கொடுப்போம். சூலியா தெரு மாதிரி பழைய கடைகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் குழந்தை மூக்கு ஒழுகுவதுபோல வரும். அதை நம்பி மெஷின் ஓடாது. அதனால் ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றை வேனுக்குள்ளேயே வைத்திருந்தோம்.

ஓட்டுவது அவர். பக்கத்தில் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என் மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அவர் வாயில் ஒரு வாய் வைப்பேன். பச்சை விழுந்தால் நெத்திலி எனக்கு. சண்டை போட்டால் அதுவும் அங்கேதான். வீட்டில் சண்டை போட்டால் அவர் எழுந்து கீழே போய்விடுவார், வேனில் எங்கே போவார்? கடலைத் தாண்டும் பாலத்தில் நெரிசல் என்றால் மற்றவர்கள் திட்டுவார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

போன வருஷம் அது நடந்தது. ஒரு சின்ன கோயிலில் மண்டலாபிஷேகம் முடிந்த மறுநாள், பிராகாரம் முழுக்க நெய்யும் பூவும் தேங்காய்த் தண்ணீருமாகப் பிசுபிசுத்துக் கிடந்ததைக் கழுவப் போயிருந்தோம். வேலை முடிந்தபோது தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம். பூசாரி நல்ல மனுஷர். கலசத்தில் மீந்திருந்த தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, "வண்டிக்கும் ஆசீர்வாதம் கெடைக்கட்டும்" என்று தொட்டிக்குள் ஊற்றிவிட்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ராமதாஸுக்குத் தொட்டி விஷயத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. "ஒண்ணு ஃபுல்லு, இல்லன்னா காலி." பாதித் தொட்டியோடு வண்டியை எடுக்க மாட்டார். அன்றைக்கும் வடிகால் குழாயைத் திறக்கக் குனிந்தார். நான்தான் கையைப் பிடித்தேன்.

"சாமி தண்ணிய லோங்காங்ல ஊத்துவீங்களா? என்னாங்க நீங்க! வீட்டுக்குக் கொண்டு போயி செடிக்கு ஊத்திக்கலாம்."

அவர் தயங்கினார். பூசாரியும் பார்த்துக்கொண்டு நின்றார். கலசத்துத் தண்ணீரை நான்கு பேர் துப்புகிற சாக்கடையில் விட எந்தத் தமிழனுக்கு மனசு வரும்? குழாயைத் திறக்காமலே வண்டியில் ஏறினார்.

குறைகுடம் கூத்தாடும் என்று பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். கூத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஜாலான் டத்தோ கிராமாட்டில், வீட்டுக்கு இரண்டு விளக்குத் தூரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் இருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே பக்கமாகத் திரண்டு முன்னால் வந்தது. தொட்டியைச் சுற்றி நாங்கள் வருஷக்கணக்கில் கட்டி வைத்திருந்தது நைலான் கயிறு. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டே கட்டியது. அது அறுந்தது. நடுவில் இருந்த கம்பி வலை கிழிந்தது. தொட்டி என் சீட்டின் முதுகில் வந்து இடித்து, சீட்டோடு என்னை டேஷ்போர்டில் தள்ளியது. சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய காற்றாடி.

மூன்று விலா எலும்பு, ஒரு தோள் எலும்பு. நான்கு மாசத்தில் எல்லாம் கூடிவிட்டது. எழுந்து கீழே போய்ப் பார்த்தால் என் சீட் இல்லை.

"இனிமே நீ வர வேணாம். வீட்டுல இருந்து போன் எடு, புக்கிங் பாரு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பூட்ஸைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் போன் எடுக்கிறேன். "ஆமாங்க, சனிக்கெழம வருவாரு" என்கிறேன். அவர் தனியாகப் போய்த் தனியாகக் கழுவி, தனியாக எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வருகிறார். வந்தால், பசியாறினாயா, மருந்து போட்டாயா, வலி இருக்கிறதா, இந்த மூன்று கேள்விதான். நர்ஸம்மாகூட இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவாள்.

அந்தத் தொட்டிக்கு மட்டும் என்ன உபசாரம்! பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே தடுப்புச் சுவர் வைத்த புதுத் தொட்டி வாங்கினார். அதைச் சுற்றி சதுர இரும்புக் குழாயில் கூண்டு. கூண்டின் நான்கு காலும் வேன் தரையைத் துளைத்துக் கீழே இரும்புத் தகடு வைத்து முறுக்கியது. மேலே குறுக்கும் நெடுக்குமாக, பல்சக்கரம் வைத்து இறுக்குகிற பெல்ட் நான்கு. ஓட்டுகிற இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் முழு இரும்புச் சுவர். தினமும் காலையில் கிளம்புமுன் நான்கு பெல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், கூண்டைத் தோளால் முட்டிப் பார்ப்பார், போல்ட்டைத் தடவிப் பார்ப்பார். மூன்றாம் மாடி நடைபாதையில் நின்று நான் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னால் வெட்கக்கேடு, அந்தத் தொட்டி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைத் தொடுகிறதில் பாதி தடவை என்னைத் தொட்டிருந்தால் என் எலும்பு இரண்டு மாசத்திலேயே கூடியிருக்கும்.

எனக்கு அவர் வேண்டும். இதை எப்படிச் சுற்றிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் வேனில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த மனுஷர் இப்போது சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஆளுக்காக ஏங்குவது எவ்வளவு கேவலமான வேலை தெரியுமா?

என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். நியாயம்தானே, குழாயைத் திறக்க விடாதது நான். ஒரு நாள் கேட்டும்விட்டேன். "நான் சொல்லித்தானே ஆச்சு, அந்தக் கோவமா?" என்றேன். "இல்ல லா" என்று எழுந்து கீழே போனார், பெல்ட்டை இழுத்துப் பார்க்க.

ரமலான் முடிந்த வாரம், வேனைப் பழுதுபார்த்துக் கொடுக்கிற ஹாஃபிஸின் பெங்கேலுக்கு நானே போனேன். ஹாஃபிஸுக்கு நாற்பது வயது இருக்கும். அவன் அத்தாவும் இதே பெங்கேலில் எங்கள் முதல் வேனைப் பார்த்துக்கொடுத்தவர்.

"தம்பி, என் சீட்ட எங்க வித்த?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். "அண்ணன் விக்கத்தான் சொன்னாரு. நான் விக்கலக்கா. வாங்க."

பின்கட்டில், பழைய டயர்களுக்கு மேலே, பிளாஸ்டிக் சுற்றி என் சீட் உட்கார்ந்திருந்தது. வளைந்த முதுகை நிமிர்த்தி, கிழிந்த உறையை மாற்றி வைத்திருந்தான். இடது ஓரத்தில் நான் நகத்தால் கீறிக் கீறிப் பெயர்த்த பிளாஸ்டிக் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பெங்கேலில் நின்று ஒரு சீட்டுக்காக அழுத முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

"இத மாட்டுனா ஆபத்தா?" என்றேன். "உண்மைய சொல்லு. எனக்காக சொல்லாத."

"இப்ப அந்தத் தொட்டி எங்கயும் போகாதுக்கா. தரைத் தகரத்துல மட்டும் போல்ட் போட்டா பிச்சுக்கிட்டு வரும், அதான் அடியில தகடு குடுத்து முறுக்கிருக்கோம். நடுவுல சுவரு வேற. அண்ணன் மூணு தடவ கழட்டி மாட்டச் சொன்னாரு, எனக்கே கை வலி. நான் என் பொண்டாட்டிய உக்கார வெப்பேன்."

"பாதித் தண்ணி இருந்தா?"

"ஆடும். ஆனா தொட்டி நகராது. அன்னைக்கு தப்பு பண்ணது கயிறுக்கா. சும்மா தண்ணி மேல பழி போடாதீங்க."

"அப்பறம் ஏன் அவரு எனக்கு எடம் வெக்கல?"

"அத நீங்கதான் கேக்கணும். நான் கேட்டா எண்ணெய் மாத்துனியான்னு பேச்ச மாத்துறாரு."

சனிக்கிழமை வேன் எண்ணெய் மாற்ற அங்கே வந்தது. நான் சொல்லி வைத்திருந்தபடி ஹாஃபிஸ் உருளையைப் பின்கதவுப் பக்கம் மாற்றிவிட்டு, சீட்டை அதன் பழைய இடத்தில் பழைய துளைகளில் முறுக்கி, சீட் பெல்ட்டையும் புதிதாக மாற்றிக் கொண்டுவந்து விட்டான். சாயந்திரம் ராமதாஸ் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவினார்.

"திங்கக்கெழம எடுக்கச் சொல்றேன்" என்றார்.

"எடுத்துப் பாருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்கிற ஊரில் வேலை, புதுக் கடைவரிசை ஒன்றின் முன்தரை. அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மடியில் நாசி லெமாக். பெல்ட்டும் போட்டாயிற்று.

அவர் வந்து கதவைத் திறந்தார். "எறங்கு ஈஸ்வரி."

"மாட்டேன்."

"வெளையாடாத லா. எறங்கு."

"எம் பக்கத்துல ஒக்காந்து ஓட்ட முடியலன்னா, என்னோட வாழ முடியாதுன்னு சொல்லிருங்க. நான் சந்திரிகா வீட்டுக்குப் போயிர்றேன். அந்தத் தொட்டியோட குடும்பம் நடத்துங்க." கோபத்தில் தொடங்கியதுதான், சொல்லி முடிக்கையில் நிஜமாகிவிட்டது. அன்று அவர் என்னை இறக்கிவிட்டிருந்தால் நான் போயிருப்பேன்.

அவர் பின்னால் போனார். பெல்ட்டை இறுக்குகிற சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர். நான்கு பெல்ட்டையும் ஒரு சுற்று, மறுபடியும் ஒரு சுற்று. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். சிவப்பு விளக்கில் நான் ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோற்றைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன்.

பத்து மாவுங் ஊரைத் தாண்டி இரண்டாவது பாலத்தில் ஏறியதும் அறுபதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்த லோரி எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பாலத்தின் நடுவில் கடல் காற்று வேனைத் தள்ளும். இதற்கு முன்னெல்லாம் அந்த இடத்தில் நான் ஜன்னலை இறக்கிவிட்டுப் பாடுவேன், அவர் காதைப் பொத்துவதுபோல் நடிப்பார். இப்போது ஜன்னலை இறக்கவும் பயமாக இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், நரம்பெல்லாம் புடைத்து நின்றது. பாலம் முழுவதும், இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கண்ணாடி பார்க்கக்கூட இல்லை. என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தானே பார்க்க வேண்டும்.

கழுவும் வேலை ஒன்றரை மணி நேரம். நான் குழாயை இழுத்துக் கொடுத்தேன், தோள் கொஞ்சம் முனகியது, காட்டிக்கொள்ளவில்லை. முடிந்தபோது தொட்டியில் சரிபாதி. அவர் வடிகால் குழாய்க்குக் குனிந்தார்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம். இப்படியே போவோம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒனக்கு என்னா பைத்தியமா?"

"ஆமா. இந்தப் பக்கம் ரோடு பூரா காலியா கெடக்கு. ஞாயித்துக்கெழம, ஃபேக்டரி ஒண்ணும் ஓடல. நாப்பதுல போயி ஒரே ஒரு தடவ பிரேக் அடிங்க. தொட்டி நகந்துச்சுன்னா நானே சீட்டக் கழட்டிக் குடுக்குறேன். வாழ்க்கைல கேக்க மாட்டேன்."

"நகராது. எனக்குத் தெரியும் நகராதுன்னு."

"தெரிஞ்சும் ஏங்க பயப்படுறீங்க?"

அவர் குழாயை விட்டுவிட்டு, பெல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். நான் ஏறினேன், அவரும் ஏறினார்.

தொழிற்பேட்டையின் பின்பக்க ரோடு நேராக, அகலமாக, ஒரு பூனைகூட இல்லாமல் கிடந்தது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண், இப்போது இரண்டு பக்கமும் வேலியும் சாம்பல் நிறக் கட்டடங்களும். முப்பதில் போனார். முப்பத்தைந்து. பின்னால் தண்ணீர் தடுப்புகளில் மோதிக் குலுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. தைரியசாலி வேஷம் போட்டேனே தவிர, எனக்கும் விலா எலும்புதானே உடைந்தது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிங்க" என்றேன்.

அடிக்கவில்லை. நாற்பது ஆகிவிட்டது. ரோடு முடியும் இடம் தெரிந்தது.

"ஏங்க, அடிங்க!"

அடித்தார். டயர் கத்தியது. பின்னால் தண்ணீர் ஒரு முட்டு முட்டியது. என் உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் இறுகி நின்றது. இரும்புச் சுவர் நின்றது, கூண்டு நின்றது, தொட்டி ஒரு நூல் அசையவில்லை. எனக்கு இதெல்லாம் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஏனென்றால் அவருடைய இடது கை, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து விறைத்து நின்றது. கால் டன் தண்ணீரை ஒரு கையால் தடுத்துவிடுகிற மாதிரி. அப்போதும் அவர் கண் ரோட்டில்தான் இருந்தது.

"நகரலங்க" என்றேன்.

"நீ கூப்புட்ட ஈஸ்வரி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இப்பவா? அடிங்கன்னுதான் சொன்னேன்."

"அன்னைக்கு. மூணு தடவ கூப்புட்ட. என்னாங்க, என்னாங்கன்னு. எங் காதுல விழுந்துச்சு. நான் திரும்பல." அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "திரும்பிப் பாத்தா நீ எப்படி இருப்பியோன்னு... அப்பறம் நீ கூப்புடுறது நின்னு போச்சு. அப்பவும் திரும்பல. யாரோ வந்து கதவத் தொறக்குற வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். நீ பக்கத்துல செத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."

எனக்கு அது ஞாபகம் இல்லை. கூப்பிட்டதும் ஞாபகம் இல்லை, பதில் வராததும் ஞாபகம் இல்லை. ஆனால் கேட்டவுடன் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கோபம். பக்கத்தில்தானே கிடந்தேன், ஒரு கை நீட்டினால் போதுமே! ஒரு வருஷமாக இதை ஒரு ஆள் வயிற்றில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சோறு சாப்பிட்டு, அந்தச் சீட்டைப் பார்க்க முடியாமல் பிடுங்கி எறிந்துவிட்டு, பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கோபத்திலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

"என்னாங்க" என்றேன்.

அவர் உதடு துடித்தது.

"என்னாங்க."

கழுத்து அசைந்தது, திரும்பவில்லை.

"என்னாங்க" என்று மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

திரும்பினார். ஒரு வருஷம் கழித்து என் முகத்தைப் பார்த்தார். நான் நன்றாகத்தான் இருந்தேன், மூக்கு ஒழுகிக்கொண்டு. அவர் கண் என் நெற்றி, கன்னம், தோள் என்று ஒவ்வொரு இடமாகப் போனது, கழுவி முடித்த தரையில் விட்டுப்போன கறை இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி.

பின்னால் தொட்டிக்குள் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.